பவுண்டில் அடைத்த குரல்

முதலில் குரல்தான் வந்தது. "வெங்காயம் வந்திருக்கு, பல்லாரி வெங்காயம், சருகாக் காஞ்ச வெங்காயம், தாய்மாரே ஓடி வாங்க" என்று அது கீழத்தெரு முனையில் திரும்பியபோது, அடுப்பில் பால் வைத்தவர்கள் பாலை இறக்கிவிட்டும், தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் பாதித் தலையோடும், ஆலங்கிணற்றுப் பெண்கள் கூடையும் பையுமாக வாசலுக்கு வந்து நின்றார்கள். குரல் அவர்களைப் பார்த்ததும் வழக்கம்போல வேகத்தைக் குறைத்து, மெதுவாக ஊர்ந்து, அவர்களைக் கடந்து போனது, அதன் பின்னால் வண்டி வரவில்லை, புகை வரவில்லை, புழுதிகூட எழும்பவில்லை. ரேஷன் கடை முன்னால் படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டு, குரல் போனதும் அதே இடத்தில் திரும்பப் படுத்தது. குழாயடியில் இடதுபக்கம் ஒடித்த குரல், சுயம்புலிங்கத்தின் வீட்டுக் கம்பிக்கதவு முன்னால் வந்து, மேய்ந்துவிட்டு வந்த மாடு கதவு திறக்கக் காத்து நிற்பதுபோல நின்றது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சந்தனமாரி கையிலிருந்த வாரியலைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"வண்டி இல்லாம வந்தா எடை எப்படிப் போடுததாம்?" என்று கீழத்தெருவில் கேட்டார்கள். அன்றைக்கு வேறு கேள்வி யாருக்கும் தோன்றவில்லை.

அது சுயம்புலிங்கத்தின் குரல் என்பது ஊருக்கே தெரியும். ஒரு காலத்தில் அவர் தன்னுடைய குட்டியானை லோடு வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு தடவை கூவினால் மூன்று தெருக்கள் திரும்பிப் பார்க்கும். இப்படிக் கத்தினால் தொண்டை என்னத்துக்கு ஆகும் என்று சந்தனமாரி சண்டை போட்டதால், ஆறு வருடத்துக்கு முன்னால் செல்போன் கடை ராஜதுரையிடம் போய் அந்தக் கூவலைப் பதிந்து, மெமரி கார்டில் ஏற்றி, வண்டிக் கூரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஓடவிட்டார். ராஜதுரை நல்லவன், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவன். சங்கரன்கோவில் வியாபாரி கேட்டார், கொடுத்தான், தேனிக்காரர் கேட்டார், கொடுத்தான், அவர்களிடமிருந்து அவர்களுடைய மச்சான்மார் வாங்கினார்கள், மச்சான்மாரிடமிருந்து சகலபாடிகள் வாங்கினார்கள், கடைசியில் தெற்கே எந்த ஊரில் வெங்காய வண்டி வந்தாலும் சுயம்புலிங்கம்தான் கூப்பிட்டார். "வெளக்குலேருந்து வெளக்க ஏத்துனா மொத வெளக்கு அணைஞ்சா போகுது?" என்பது ராஜதுரையின் கேள்வி. அணையவில்லைதான். ஆனால் ராமநாதபுரம் பக்கத்தில் எவனோ விற்ற அழுகலைப் பையோடு தூக்கிக்கொண்டு, விசாரித்து, மூன்று பஸ் மாறி வந்த ஓர் அம்மாள், "அண்ணாச்சி, ஒங்க கொரலைக் கேட்டுல்லா நம்பி வாங்குனேன்" என்று சொல்லி அதைச் சுயம்புலிங்கத்தின் வாசலில் கொட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது, மதுரையில் அறுத்தார்கள், கட்டியோடு குரலும் போனது. அந்த ஐப்பசி மழையில் ஸ்பீக்கர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கார்டும் செத்தது. தன் குரல் ஊரெல்லாம் வண்டியேறிச் சுற்ற, தன்னிடம் மட்டும் அது இல்லாமல் போன சுயம்புலிங்கம், கழுத்தில் ஒரு சிலேட்டைக் கட்டிக்கொண்டு ராஜதுரை கடைக்குப் போய், 'என் குரல் ஒண்ணு வேணும்' என்று எழுதிக் காட்டினார்.

ராஜதுரை தலையைச் சொறிந்தான். பழைய போன் உடைந்துவிட்டது, ஆனால் அந்தக் கூவலை அவன் எப்போதோ ஒரு கம்பெனியின் தளத்தில் ஏற்றி வைத்திருந்தான், அங்கே பத்திரமாக இருந்தது, எடுக்கப் போனால் அனுமதி கேட்டது. "இந்தப் படைப்பின் உரிமையாளர் நீங்கள்தானா?" ஆம் என்று அமுக்கினான். "உங்கள் குரலால் உறுதிப்படுத்துங்கள்" என்றது. சுயம்புலிங்கம் சிலேட்டைப் போன் முன்னால் காட்டிப் பார்த்தார்.

தன் குரலை அடுத்தவனிடம் போய் இரவல் கேட்க மனம் வராமல், அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அவர் பித்தளைத் தட்டைத் தட்டிக்கொண்டு வெங்காயம் விற்றார். தட்டுச் சத்தம் கேட்டவர்கள் சாமி வருகிறது என்று நினைத்துத் திருநீற்றுக்குக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள், வெங்காயத்தைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் குரல் வீடு திரும்பியது. மதியத்துக்குள் ஒன்பது வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் மொத்தம் எழுபத்துமூன்று. பஸ் கூரையில் ஏறி வந்தவை உண்டு, தண்டவாளத்தோரமாக நடந்தே வந்தவை உண்டு, ராமேஸ்வரத்துக் குரலில் உப்பு வாடை அடித்தது, தேனிக் குரலுக்குச் சளி பிடித்திருந்தது, போனிலிருந்து போனுக்கு, காற்று வழியாகவே பதிந்து பதிந்து பத்துத் தலைமுறை தேய்ந்த ஒன்று, "வெங்... தாய்மா... ஓ..." என்று மட்டும் முனகிக்கொண்டு வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. சந்தனமாரி அதற்குப் பனங்கற்கண்டும் மிளகும் தட்டிப் போட்ட வெந்நீரைக் கிண்ணத்தில் வைத்தாள். கிண்ணம் காலியாகவில்லை, ஆனால் முனகல் குறைந்தது.

சுயம்புலிங்கம் வாசலில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டார். ஒன்றைப் பிடித்துத் தொண்டைக்குள் விட்டுக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்து திறந்து பார்த்தார். அவை அவர் முகத்தருகே வந்து, மோந்து பார்த்து, வெங்காயம் வந்திருக்கு என்று சொல்லிவிட்டு விலகிப் போயின.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, ஊர்கள் எதற்குத்தான் பழகவில்லை. கீரைக்காரி ஒரு குரலை இரவல் வாங்கிப் போய்த் தண்டங்கீரை விற்றாள். வெங்காயம் என்று கேட்டால் கீரைக்குத் தயாராவது என்று மேலத்தெரு ஒரே நாளில் கற்றுக்கொண்டது. ஒரு குரல் பள்ளிக்கூடத்தில் நுழைந்து, வராத மாணவர்களின் பெயருக்கெல்லாம் பதில் சொன்னது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் ஒன்று மேடையேறி "தாய்மாரே ஓடி வாங்க" என்றதும் பெண்கள் அத்தனை பேரும் ஓடிப்போய் ஏற, மேடை ஒரு பக்கம் இறங்கிவிட்டது; வீடியோக்காரர் மட்டும், கூட்டம் நன்றாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பேரூராட்சியில் கலெக்டர் வந்து பேசின கூட்டத்தில், அவர் "இந்த ஆட்சியின் சாதனை என்னவென்றால்" என்று சொல்லி மூச்சு வாங்கின இடத்தில், மைக்கில் ஒரு குரல் புகுந்து, சருகாகக் காய்ந்த வெங்காயம் என்றது. மறுநாளே செயல் அலுவலர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்: பொது இடத்தில் கேட்பாரின்றித் திரியும் குரல்கள் பவுண்டில் அடைக்கப்படும்.

பவுண்டு என்பது தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கிற பட்டி. அதன் காவலர் கோயில்பிச்சை, விதியென்றால் விதி என்கிற ஆள், தன் சொந்த மாமனாருடைய எருமையையே இரண்டு தடவை அடைத்தவர். அவர் வைக்கோலை விரித்து, தகரக் கூரையின் ஓட்டைகளைச் சாக்கால் அடைத்து, கட்டிலுக்கடியில் கிடந்ததைக்கூட விடாமல் குரல்களை ஓட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டுத் தாழ் போட்டார். பிறகு பதிவேட்டைத் திறந்து, நிறம் என்ற இடத்தில் இல்லை என்றும், கொம்பு என்ற இடத்தில் இல்லை என்றும், சுழி என்ற இடத்தில் பார்க்க முடியவில்லை என்றும், எழுபத்துமூன்று தடவை அழகான கையெழுத்தில் எழுதினார். பவுண்டுக்கு ஒரு சட்டம் உண்டு: ஏழு நாளைக்குள் உரிமைக்காரன் வந்து நிரூபித்துப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். அதற்குமேல் இன்னொரு சட்டத்தை வெள்ளைக்காரன் காலத்திலேயே பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார்கள்: "உரிமை கோருவோர் முதலில் தொழுவம் கூட்டவும்."

ஆறாம் நாள் வெங்காய வியாபாரிகள் வந்துசேர்ந்தார்கள். காணாமல்போன மாட்டைத் தேடி வருகிறவர்களைப் போலவே சிலர் கையில் கயிற்றோடு வந்திருந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் அய்யாக்குட்டி, தேனிக்காரர், சளி பிடித்த குரலுக்குச் சொந்தக்காரர்.

"மதினி, நாங்க திருடலை" என்றார் சந்தனமாரியிடம். "திருடுனா எடுத்த எடத்துல கொறையணும். ஒங்க வீட்ல என்ன கொறைஞ்சது?"

சந்தனமாரி தன் புருஷனை முன்னால் தள்ளி நிறுத்தினாள். "நல்லாப் பாருங்க. கொறைஞ்சது நிக்குதுல்லா?"

அய்யாக்குட்டி தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்களும் குனிந்தார்கள். ஆனால் சுயம்புலிங்கம் சிலேட்டை எடுத்து, 'அது டாக்டர் எடுத்தது. இவங்க இல்லை' என்று எழுதித் தூக்கிக் காட்டினார்.

"ஜெயிக்கிற கேசைக் கெடுக்கணும்னே சிலேட்டு வாங்கினீக" என்று சந்தனமாரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாலு வருசமா வெயில்லயும் மழையிலயும் கூடவே வந்திருக்கு மதினி. மழை பேஞ்சா நா நனைஞ்சிருக்கேன், ஸ்பீக்கருக்கு என் சட்டையைக் கழத்திப் போத்தியிருக்கேன். அது இல்லாம பத்துப் பன்னெண்டு நாளா தெருவுல நின்னா, என்னைப் பாத்து ஆருன்னு கேக்காவ."

"எங்க வீட்டு ஆளையும் ரெண்டு வருசமா அப்பிடித்தான கேட்டாக" என்றாள் அவள்.

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்று, சென்னையிலிருந்து கம்பெனியின் ஆள் இறங்கினார், பெயர் நிரஞ்சன், ஷூ மினுங்கியது. ராஜதுரை குரலை ஏற்றி வைத்த அதே கம்பெனி. அவர் பதினெட்டுப் பக்கத் தாளை எடுத்து, அதில் உள்ளபடி எழுபத்துமூன்றும், இனிமேல் உண்டாகப் போவதும், கம்பெனிக்கே சொந்தம் என்றார். ஊர் மொத்தமும் திரும்பி ராஜதுரையைப் பார்த்தது.

"ஆரு அண்ணாச்சி அதெல்லாம் படிக்கா?" ராஜதுரை அழாத குறையாகச் சொன்னான். "கடைசி வரைக்கும் தள்ளுனாத்தான் சம்மதம்னு அமுக்க விடும். தள்ளுனேன், அமுக்குனேன்."

"அடுத்தவன் தொண்டைக்கு நீ சம்மதம் சொன்னியால?" என்று சந்தனமாரி கேட்டாள்.

நிரஞ்சன் பொறுமையாக விளக்கினார். "நாங்க யாருக்கும் தரமாட்டோம்னு சொல்லலைங்க. அனுமதி தருவோம். சார் தன் வண்டியில போட்டுக்கலாம், கேட்கலாம். ஆனா அது அவருடையது ஆகாது. யாருக்கும் இரவல் தரக் கூடாது, விற்கக் கூடாது, அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சேராது."

கோயில்பிச்சை இதை யோசித்துப் பார்த்தார். "வீட்ல நிக்கும், தீனி நாம போடணும், விக்க முடியாது, இரவல் குடுக்க முடியாது. தம்பி, இது மாடு இல்ல. வீட்டோட மாப்பிள்ளை."

சிரிப்பில் பட்டியின் தகரம் அதிர்ந்தது, உள்ளே எழுபத்துமூன்று குரலும் மிரண்டு ஒரே நேரத்தில் வெங்காயம் என்றன. நிரஞ்சன் மட்டும் சிரிக்கவில்லை. நாளை மாலை ஐந்து மணிக்குத் தவணை முடிகிறது, தாள் என்னிடம் இருக்கிறது, லாரி வரும் என்றார். சுயம்புலிங்கத்துக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. தாளை எதிர்த்து வைக்க அவரிடம் சிலேட்டு மட்டும்தான் இருந்தது.

ஏழாம் நாள் காலையிலேயே எல்லாரும் பட்டி வாசலில் கூடிவிட்டார்கள். கோயில்பிச்சை பதினெட்டுப் பக்கத்தையும் விரல் வைத்துப் படித்து முடித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தாள் சுத்தமாத்தான் இருக்கு. இப்பம் தொழுவத்தக் கூட்டுங்க."

"எதை?"

குரல்கள் சாணி போடுவதில்லை. ஆனால் ஏழு நாள் அடைபட்டு, அசைபோட்டு அசைபோட்டு, அவை எதிரொலி போட்டு வைத்திருந்தன. காயம் காயம் என்றும் மாரே மாரே என்றும் வாங்க வாங்க என்றும் கணுக்கால் அளவுக்கு எதிரொலி தரையில் கிடந்தது, மூலைகளில் முழங்கால் வரைக்கும் குவிந்திருந்தது, மிதித்தால் காதுக்குள் பிசுபிசுத்தது. நிரஞ்சன் பலகையைப் படித்தார். தன் தாளையும் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். அதில் வானம், பூமி, இனிக் கண்டுபிடிக்கப்படப்போகும் கருவிகள் எல்லாவற்றையும் பற்றி இருந்தது, கழிவை யார் அள்ளுவது என்று ஒரு வரிகூட இல்லை. துடைப்பம் பிடிப்பது தன் அதிகாரத்துக்குள் வருமா என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு, ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று பதில் வரும்வரை வேப்பமரத்தடியில் நின்றார்.

சந்தனமாரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். சுயம்புலிங்கம் பின்னால் போனார். அவர் ஒரு கூடை அள்ளி வெளியே கொட்டிவிட்டுத் திரும்பும்போது, அய்யாக்குட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலைக்குவியலில் நின்றார். "சளி புடிச்சதோட கழிவு அந்தப் பக்கம்தான் கெடக்கும் மதினி, அது எனக்குத் தெரியும், நா அள்ளுதேன்." அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எல்லா வியாபாரிகளும் இறங்கினார்கள், தன் குரலின் எதிரொலியைத் தேடித் தேடி அள்ளினார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் களத்துமேட்டில் கதிர் தூற்றுகிற மாதிரி இருந்தது. ராஜதுரையும் கடையைச் சாத்திவிட்டு வந்து, யாரும் கூப்பிடாமலே வாசல்பக்கம் கூட்டினான். ஐந்து மணி ஆனது. தலைமை அலுவலகத்திலிருந்து, உங்கள் கேள்வி பெறப்பட்டது என்று மட்டும் பதில் வந்திருந்தது.

"நேரம் முடிஞ்சது" என்று கோயில்பிச்சை பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டார். "கூட்டாதவங்களுக்கு உரிமையில்ல. கூட்டினவங்க எல்லாரும் இருக்காக, அதுக்கு என்ன செய்ய? நம்ம பக்கம் ஆட்டை வாரத்துக்கு விடுதோம்லா? ஒருத்தர் ஆடு, இன்னொருத்தர் வளப்பாரு. வளத்தவர்கிட்ட அது நிக்கும், அதால உள்ள ஆதாயம் அவருக்கு. ஆனா தாயாடு என்னைக்கும் உடையவருக்குத்தான். மொத மொத ஈனுத தலையீத்துக் குட்டியும் அவருக்கு. அண்ணாச்சி, நீங்க விடலை, இவங்களாப் புடிச்சுட்டுப் போனாக. இருந்தாலும் வளத்திருக்காக. இனிமே வாரத்துக்கு விடுதீகளா, இல்ல எல்லாத்தையும் பிடிச்சுட்டுப் போறீகளா? சொல்லவேண்டியது நீங்கதான்."

சுயம்புலிங்கம் வியாபாரிகளைப் பார்த்தார். எதிரொலி ஒட்டிய கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்பவர்களைப் போல நின்றார்கள். எழுபத்துமூன்றும் தன்னோடு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்திருப்பார் போல. வெகுநேரம் சிலேட்டில் எழுதினார், அழித்தார், எழுதினார். கடைசியில் காட்டியபோது அதில் இரண்டே வரி இருந்தது. 'வச்சுக்கோங்க. அழுகல் வித்தா அது வீட்டுக்கு வந்துரும்.'

அய்யாக்குட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரவர் கயிற்றை நீட்டினார்கள், குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஏறிக்கொண்டன. முனகுகிற அந்தக் கிழட்டுக் குரலைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை, அதைத் தன் வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சுயம்புலிங்கம் உள்ளே போனார். வைக்கோலுக்குள் அது படுத்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று இருந்தது. ஒரு வார்த்தையும் இல்லாமல், மூச்சும் ஈரமுமாக, கைக்குள் அடங்குகிற அளவில், இப்போதுதான் பிறந்திருந்தது.

கோயில்பிச்சை எட்டிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, தலையை ஆட்டினார். "தலையீத்து" என்றார். பதிவேட்டில் அதை எழுதவில்லை, எழுத எந்தக் கட்டமும் இல்லை.

நிரஞ்சன் காரில் ஏறுமுன் சந்தனமாரியிடம் வந்து, அந்தப் பிஞ்சுக்குரலைப் பதிவு செய்து வைத்தால் நல்லது என்று மெல்லச் சொன்னார். "நீங்க மொதல்ல ஏதாவது சாப்பிட்டீகளா தம்பி, காலையிலேருந்து மரத்தடியிலயே நிக்கீக" என்று அவள் கேட்டாள். அவர் சாப்பிட்டிருக்கவில்லை. பட்டி வாசலிலேயே தூக்குவாளி மூடியில் சோறு வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

கிழட்டுக் குரல் வண்டியில் ஏறியது. அது "வெங்... தாய்மா..." என்று முனகிக்கொண்டு தெருவில் போக, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறி ஓடிவந்த பெண்கள், வந்ததற்கு இரண்டு கிலோ வாங்கிப் போனார்கள், வியாபாரம் முன்னைவிட மோசமில்லை. அந்த மாதத்தில் இரண்டு குரல்கள் மட்டும் வீடு திரும்பின, பின்னாலேயே அவற்றின் வியாபாரிகள் மூச்சிரைக்க வந்து, அழுகலைப் பொறுக்கிவிட்டோம் என்று சாமி மேல் சத்தியம் பண்ணி அழைத்துப் போனார்கள். பிஞ்சுக்குரல் வீட்டிலேயே இருந்தது, வெங்காயச் சாக்குகளுக்கிடையில், சந்தனமாரி இருக்கிற பக்கமாக ஒண்டிக்கொண்டு. அவள் அதனிடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெங்காயம் என்று ஒரு தடவைகூட அதன் காதில் விழவிடாமல், பக்கத்துவீட்டுச் சண்டையையும், கரண்ட் போனதையும், தன் முழங்கால் வலியையும் பேசிக்கொண்டே வேலை செய்தாள். ராஜதுரை போனோடு வாசலுக்கு வந்தால், போனை வெளியில் வைத்துவிட்டு வா என்பாள்.

அது வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் மதியம் சுயம்புலிங்கம் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் வைத்து, மென்று, விழுங்கப்போகிற நேரத்தில் சாக்குப் பக்கமிருந்து ஏதோ எழும்பி வந்து அவர் தொண்டையில் இறங்கின மாதிரி இருந்தது. அவருக்கே தெரியாமல் வாய் திறந்தது.

"ஏட்டி, உப்பு கொறையுது."

ஸ்பீக்கரின் கரகரப்பு இல்லை, கூவல் இல்லை, மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலும் இல்லை. ஒரு சோற்று வட்டிலுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு மட்டும் போதுமான குரல்.

"ரெண்டு வருசமா கொறையத்தான் செய்யுது" என்றாள் சந்தனமாரி. "சொல்லுதீகளான்னுதான் பாத்தேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு சாக்கை இழுத்து முன்னால் போட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்து, வெங்காயத்தை எடுத்து எடுத்துச் சருகைத் தேய்த்து உதிர்த்து, அழுகலை ஒரு பக்கம் போட்டாள்.